சுவரோரம் நிற்பவர்கள்

நாற்பத்தொன்று என்று அச்சடித்த சீட்டைத் தவமணியின் சட்டைப் பையில் செருகிவிட்டு ஜெயக்கொடி எழுந்தபோது, ரத்தம் எடுக்கும் அறையின் கதவுக்கு மேலே சிவப்பாக இருபத்தாறு எரிந்துகொண்டிருந்தது. "பாத்ரூம் போயிட்டு வாறேன்" என்றாள். "இப்பத்தான போயிட்டு வந்த" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "வயசாகுதுல்ல" என்றாள். "எனக்கு மட்டும் கொறையுதாக்கும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பாத்ரூமுக்குப் போவதைப் பற்றிக் கணவனிடம் பொய் சொல்ல நேரும் என்று அவள் நினைத்ததில்லை. பாத்ரூம் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பி, லிஃப்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தைத் தாண்டி, யாரும் போகாத மாடிப்படியின் கதவைத் தள்ளினாள். ஓர் எண்ணுக்கு இரண்டரை நிமிஷம். பதினைந்து எண்ணுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு நிமிஷம். நான்கு மாடி. முதல் ஏற்றம் மெதுவாக, உடம்பு சூடேறுவதற்கு. இரண்டாவது சற்று வேகமாக. மூன்றாவதை முப்பத்தொன்பதாம் எண் எரியும் நேரத்துக்குச் சரியாக முடித்து, லிஃப்டில் இறங்கி, இதயம் அடங்குவதற்குள் கையை நீட்டிவிட வேண்டும். அப்படி நீட்டினால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடுதலாகத் தெரியும். மார்பில் இருந்த கட்டியை ஆடி மாதம் அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், நான்கு முடிந்துவிட்டது. ஐந்தாவது போன செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதியே ஏறியிருக்க வேண்டியது. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் ஆயிரத்தைந்நூறாவது இருந்தால்தான் மருந்து. அவளுக்கு ஆயிரத்து நூற்றைம்பதுதான் இருந்தது. ஒரு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். இன்று ஒன்பது. இன்றும் குறைந்திருந்தால் பதினாறு. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும், அப்போது கூட்டத்தில் தலைகாட்டக் கூடாது. இன்று ஏற்றிக்கொண்டால் அந்த ஆபத்து இருபத்துமூன்றோடு முடியும். பதினாறில் ஏற்றினால் இருபத்துமூன்றில்தான் தொடங்கும். இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில், அவள் பதினேழு வயதில் ஓடிய மைதானத்தில், பழைய விளையாட்டு விடுதிப் பெண்கள் எல்லாரும் கூடுகிறார்கள். பயிற்சியாளராக இருந்த செபஸ்தியான் சார் வருகிறார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. அவரிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றை ஜெயக்கொடி முப்பத்துநான்கு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

முதல் படியில் கால் வைத்ததும் இரண்டு விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. எண்பத்துநான்கு. விடுதியில் அவளுக்கு ஐம்பத்தாறு. காலையில் நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். அடித்ததும் யாரும் எழுந்துவிடக் கூடாது. இரும்புக் கட்டிலில் மல்லாந்தபடியே இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் மேட்ரன் அன்னமரியாள் கைக்கடிகாரத்தை லாந்தர் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு "ம்" என்பார். பதினைந்து வினாடி கழித்து "போதும்" என்பார். அந்தப் பதினைந்து வினாடியும் நாற்பது பெண்கள் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் தங்களுடைய இதயத்தைத் தாங்களே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேறு எந்த வீட்டில் விடிகாலை அப்படி இருந்திருக்கும். பிறகு நாலால் பெருக்கி, தலையணைக்கு அடியில் இருக்கும் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ரெஜினாவுக்கு நாலாம் வாய்ப்பாடு பதின்மூன்றோடு நின்றுவிடும். அதனால் அவள் தினமும் ஐம்பத்திரண்டு என்றே எழுதிவைப்பாள். "ஏளா, உனக்கு மட்டும் எப்படிட்டீ மாறவே மாட்டேங்குது?" என்றால், "எங்க ஊரு கடலு மாதிரி, ஒரே சீரா அடிக்கும்" என்பாள். கடல் ஒரே சீராக அடிக்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன, உவரிக்காரிக்கு. மைதானத்தில் செபஸ்தியான் சார் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பார். வழக்கத்தைவிட எட்டு துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. "உள்ள ஏற்கனவே ஒருத்தன் யார்கூடவோ சண்ட போட்டுக்கிட்டிருக்கான். நீ வேற அவன இழுத்துக்கிட்டு ஓடாத" என்பார். முதல் மாடி. மூச்சு இன்னும் மூக்கு வழியாகவே போய்வந்தது, நல்லதுதான். போட்டி முடிந்து ஊர் திரும்பிய மூன்றாம் நாள் விடுதி முழுக்கத் தும்மலாக இருக்கும். நாற்பது பேரில் பதினைந்து பேருக்காவது சளி பிடித்திருக்கும். ஓடாமல் கேலரியில் உட்கார்ந்து கத்தியவர்களுக்குப் பிடிக்காது, உயிரைக் கொடுத்து ஓடியவர்களுக்குத்தான் பிடிக்கும். அதற்காகவே சார் போட்டிக்கு மறுநாள் சினிமாவுக்கு விடமாட்டார், சந்தைக்கு விடமாட்டார். "ஓட்டம் உரம் மாதிரி. அளவா போட்டா பயிரு வரும். மூட்டையோட கொட்டுனா கருகிரும்" என்று மிளகு ரசம் நிறைந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு டம்ளர் ஊற்றித் தருவார். மழையில் நனைந்துகொண்டு பயிற்சிக்குப் போகும் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிடக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. அளவாக ஓடிய மாதங்களில் நோயாளி அறையில் சிலந்திதான் குடியிருந்தது. சளி வந்தாலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது: கழுத்துக்கு மேலே என்றால் ஓடு, கழுத்துக்குக் கீழே என்றால் படு. மூக்கு ஒழுகினால் ஓடலாம். நெஞ்சில் சளி, உடம்பு வலி, காய்ச்சல் என்றால் படுக்கை. அதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே பெண்கள் விடுதி மாடிப்படியின் கைப்பிடியில் தாளம் போட்டு ஏறுவார்கள். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. தாளத்துக்கு ஏற்றபடி அவளுடைய கால் படியேறிக்கொண்டிருந்தது.

நான்காம் மாடியில் ஜன்னல் இருந்தது. கீழே புறவழிச் சாலை, தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை, அதற்கு அப்பால் முள்ளுக்காடு. நூற்றுப் பன்னிரண்டு. இந்த மாடிக்குத்தான் மூன்றாவது மருந்தின்போது லிஃப்ட் கெட்டுப்போய் நடந்தே ஏறினாள். டாக்டர் அஃப்ரீனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவசரமாக இறங்கி ரத்தம் கொடுத்தாள். இரண்டாயிரத்து அறுநூறு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து வேறெதற்கோ மறுபடி எடுத்த ரத்தத்தில் ஆயிரத்து எழுநூறு. பரிசோதனைக்கூடத்தில் தப்பு என்று தவமணி சண்டைக்குத் தயாரானார். அஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முப்பது வயதிருக்கும், மாணவி மாதிரித் தலைக்கு முக்காடு போட்டு, காகிதத்தில் ஒரு வராண்டா வரைந்து காட்டினாள். "ஆன்ட்டி, ஸ்கூல்ல இன்டர்வெல் நேரத்துல பாதிப் பிள்ளைங்க ஓடும், பாதிப் பிள்ளைங்க சுவரோரமா சாஞ்சு நிக்கும்ல? நாங்க ஊசி போட்டு எடுக்கறது வராண்டா நடுவுல இருந்து. ஓடுற பிள்ளைங்கதான் கணக்குல வரும். நீங்க படியேறினீங்க, இதயம் வேகமா அடிச்சுச்சு, ரத்தம் வேகமா ஓடுச்சு, சுவர்ல சாஞ்சு நின்ன பிள்ளைங்களும் நடுவுக்கு வந்துருச்சு. அவ்வளவுதான். ஸ்கூல்ல பிள்ளைங்க கூடலை. கொஞ்ச நேரத்துல மறுபடி சுவரோரம் போய் நின்னுரும்." அப்படியானால் நடக்கவே வேண்டாமா என்று ஜெயக்கொடி கேட்டாள். "நடக்கணும், தினமும் அரை மணி நேரம் நடக்கணும். இந்த அணுக்கள் எல்லாம் வாட்ச்மேன் மாதிரி, வாட்ச்மேன் ஒரே எடத்துல உக்காந்திருக்கறதவிட அப்பப்ப எழுந்து ஒரு சுத்து வந்தா நல்லதுதானே. அதனால என்னைக்கும் நடங்க. ரத்தம் குடுக்கப் போறப்ப மட்டும் அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டுக் குடுங்க, நான் ஏமாந்துரக் கூடாது பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தொள்ளாயிரம் என்று ஜெயக்கொடியின் மனம் அப்போதே குறித்துக்கொண்டது. நான்கு மாடிக்குத் தொள்ளாயிரம் பிள்ளைகள் நடுவுக்கு வருகிறார்கள். அதில் பாதி வந்தாலே போதும், போன வாரத்து ஆயிரத்து நூற்றைம்பது ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிடும். ஆயிரத்தைந்நூறு. அந்த எண்ணை முதலில் கேட்டபோது மீட்டர் என்றுதான் அவளுக்குக் கேட்டது. அவள் ஓடிய பந்தயம், மூன்றேமுக்கால் சுற்று. தேசியப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டுமானால் நான்கு நிமிஷம் ஐம்பது வினாடிக்குள் ஓட வேண்டும். ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டு என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு வேறு நினைப்பு வராது; ஓடிய உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. கோடு எதற்காகப் போட்டார்கள் என்று ஓடுகிறவர்கள் கேட்பதில்லை.

இறங்கி மறுபடி ஏறத் தொடங்கியபோது முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பெண் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டையில் முத்திருளாயி என்று எழுதியிருந்தது. "ஏத்தா, லிப்ட்டுதான் நல்லாப் போகுதுல்ல, தொடச்ச எடத்துலயே மேலயும் கீழயும் நடக்குற?" என்றாள். "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள் ஜெயக்கொடி. அது பொய்யில்லை. "நடக்கச் சொல்லியிருப்பாக. மூஞ்சி ரத்தமாச் செவக்குற வரைக்குமா சொன்னாக? போ, அந்த ஓரமாப் போ, காஞ்சிருக்கு." ஓரமாகப் போனாள். சுவரைத் தொட்டுக்கொண்டு. சுவர் குளிர்ச்சியாக இருந்தது. திருச்சியில் போட்டிக்குத் தங்கிய இடத்துக் குளியலறைச் சுவரும் இப்படித்தான் இருந்தது, காய்ச்சலில் நெற்றியை வைத்துக்கொள்ள இதமாக இருக்கும், ரெஜினா வைத்துக்கொண்டு நின்றாளே. கைபேசியை எடுத்து, விடுதிப் பெண்களின் குரூப்பில் ரெஜினா அனுப்பிய குரல் செய்தியை மறுபடி போட்டாள். நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். "ஏட்டீ கொடி, ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாவ. அதெல்லாம் எனக்குத் தெரியாது. இருபத்தெட்டாம் தேதி நீ வரலன்னா நான் கிரவுண்டுக்குள்ள காலே வைக்க மாட்டேன், கேட்டுல நின்னுக்கிட்டு ஒன்னத் திட்டிக்கிட்டே இருப்பேன், பாத்துக்க. சாரும் வாறாரு. அந்தக் கதய அவருகிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஐஸ் வாங்கிட்டு வந்தது நீதான?" பிறகு சிரிப்பு. பம்பாயில் முப்பது வருஷம் குடியிருந்தும் மாறாத சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கோபம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஜெயக்கொடி தேடிப் பார்ப்பாள், கிடைக்காது, கிடைத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐஸ். திருச்சியில் மாநிலப் போட்டி. பந்தயத்தன்று காலையில் ரெஜினாவின் கை சுட்டது. கண் சிவந்திருந்தது. ஐம்பத்திரண்டு என்று நோட்டில் எழுதியவளின் கழுத்தில் ஜெயக்கொடி விரல் வைத்துப் பார்த்தபோது எண்பதுக்கு மேல் ஓடியது. "படுத்துக்கோ ரெஜி, கழுத்துக்குக் கீழ" என்றாள். "போட்டீ. இந்த ஒரு வருசம்தான் நமக்கு வயசு இருக்கு. அடுத்த வருசம் பெரிய பிள்ளைங்களோட ஓடணும்" என்றாள் ரெஜினா. போட்டிக்கு முன்னால் சார் எல்லாருடைய வாயிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார் என்பது விடுதிக்கே தெரியும். அதை ஏமாற்றும் வழியும் விடுதிக்குத் தெரியும். பெரிய பெண்கள் சின்னப் பெண்களுக்குச் சொல்லி, அவர்கள் அதற்கும் சின்னவர்களுக்குச் சொல்லி வருஷக்கணக்காக நடந்து வந்தது. குச்சி ஐஸை நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்தால் பாதரசம் ஏறாது. ஜெயக்கொடி மைதானத்துக்கு வெளியே ஓடிப்போய், சைக்கிளில் பெட்டி வைத்திருந்தவரிடம் இரண்டு வாங்கினாள். ஆரஞ்சு நிறம் போட்டது வேண்டாம், நாக்கு காட்டிக்கொடுத்துவிடும், பால் ஐஸ்தான். அதைக்கூட யோசித்துத்தான் வாங்கினாள். ரெஜினா கேலரிக்கு அடியில் குந்தியிருந்து, பல் கூசக் கூச, கண்ணில் தண்ணீர் வர வர, இரண்டையும் வாய்க்குள்ளேயே கரைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்கள், அதுதான் ஜெயக்கொடிக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது; அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எப்போது சிரித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. சார் தெர்மாமீட்டரை எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தொண்ணூத்தேழரை. கொஞ்சம் களைப்பாத் தெரியுற, ஆனா காய்ச்சல் இல்ல. ஓடு" என்றார்.

முதல் இரண்டு சுற்று ரெஜினாதான் முன்னால் ஓடினாள். அவளுடைய பின்னல் இடமும் வலமும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுவது ஜெயக்கொடிக்குப் பழக்கம். அந்தப் பின்னல்தான் அவளுக்குக் கடிகாரம். மூன்றாவது சுற்றில் பின்னல் தாளம் தப்பியது. முந்நூறு மீட்டர் இருக்கும்போது ரெஜினாவின் முழங்கால் மடிந்தது, கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது, அப்படியே உள்பக்கமாகப் புல்லில் விழுந்தாள். ஜெயக்கொடி நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு எத்தனையோ இரவு தூங்காமல் இருந்திருக்கிறாள்; ஆனால் கால் நிற்கவில்லை, அதுதான் உண்மை; கால் நீண்டது. நான்கு நிமிஷம் நாற்பத்தெட்டு. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் தேசியப் போட்டி, அதை வைத்துத்தான் ரயில்வேயில் வேலை, இன்றுவரை முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களின் ஊர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பது. காய்ச்சலோடு ஓடியதில் இதயத் தசை வீங்கிவிட்டது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உள்ளே கிருமியோடு சண்டை நடக்கும்போது ஓடினால் சண்டை இதயத்துக்குள்ளேயே போய்விடும் என்று அங்கிருந்த டாக்டர் தமிழில் பொறுமையாகச் சொன்னார். ரெஜினா பிழைத்தாள், ஓடக் கூடாது என்று ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஜெயக்கொடிக்கு ரெஜினாவின் கட்டில்கூட அவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது அந்த வராண்டாவும் சாரும்தான். அவர் கையில் அதே தெர்மாமீட்டர் இருந்தது. அதை உதறுவார், தன் வாயில் வைப்பார், எடுத்துப் பார்ப்பார், மறுபடி உதறுவார். "சரியாத்தானே காட்டுது. நான் பாத்தேனே, தொண்ணூத்தேழரைதான் இருந்துச்சு. என் கண்ணுதான் தப்பாப் பாத்திருச்சோ" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி அவருக்கு நான்கடி தூரத்தில், சுவரோரமாக, கழுத்தில் பதக்கத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவர் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராகப் போய்விட்டார் என்று சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாராம். பார்வையில் ஒரு குறையும் இல்லையென்று கண் டாக்டர் சொன்ன பிறகும் போட்டுக்கொண்டாராம்.

முப்பத்தாறு எரிந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு மூன்றாவது ஏற்றத்தைத் தொடங்கினாள். "மறுபடியுமா! ஆத்தாடி, அழகர்மலைக்கு நேந்துக்கிட்டியா?" என்று முத்திருளாயி இரண்டாம் மாடியிலிருந்து கூவினாள். பதில் சொல்ல மூச்சில்லை. நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. தொடை எரிந்தது, எரியட்டும், எத்தனை நாளாயிற்று தொடை எரிந்து. மருந்தின் எரிச்சல் வேறு, இது வேறு. இது அவளுடைய சொந்த எரிச்சல். வா, வா, சுவரில் சாய்ந்து நிற்கிறவர்களே, எல்லாரும் நடுவுக்கு வாருங்கள், ஒரு கால் மணி நேரம் வந்து நின்றால் போதும். இரண்டாவது மருந்துக்குப் பிறகு பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் மூக்கு நுனி குளிர்ந்தது, ஒரு மணி நேரத்தில் பல் கிட்டிப்போனது, ஆட்டோவில் தவமணி தன் சட்டையையும் கழற்றி அவள்மேல் போர்த்தி வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அணுக்கள் இருநூறு. நான்கு நாள் தனியறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்று கையால் சாப்பிட்டாயா என்று கேட்பார், அவள் தலையாட்டுவாள், சாப்பிட்டிருக்கமாட்டாள். உள்ளே சண்டை போட ஆளில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அந்த நான்கு நாளில் தெரிந்தது; இரவில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்ட விடுதி மாதிரி இருந்தது, காலடிச் சத்தமே இல்லாமல். உண்மையில் ஆயிரத்து நூறு இருக்கும்போது ஆயிரத்து அறுநூறு என்று காட்டி மருந்தை வாங்கிக்கொண்டால், அந்த விடுதிக்குத்தான் மறுபடி போக வேண்டிவரும். வரலாம், வராமலும் போகலாம். தன் உடம்புதானே, தான்தானே படப்போகிறோம். சாருக்கு எண்பத்திரண்டு. அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அவர் இருக்க வேண்டும், தானும் இருக்க வேண்டும். யார் எழுதிக் கொடுப்பார்கள். மூன்றாம் மாடி. அவருடைய எண் நான்கு மாதமாகக் கைபேசியில் இருக்கிறது, அழைக்கவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு, சார் அன்றைக்கு நாங்கள் உங்களை ஏமாற்றினோம் என்று. அதைச் சொல்லப் போவதற்காக இன்றைக்கு. அந்த நினைப்பு முடிவதற்குள் நான்காம் மாடி வந்துவிட்டது. நூற்று நாற்பத்துநான்கு. லிஃப்ட் வந்து நின்றது, ஏறினாள், கண்ணாடியில் சிவந்த முகம் ஒன்று தெரிந்தது, மொட்டைத் தலையில் கட்டிய துணி நனைந்திருந்தது, அந்த முகம் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

"எங்க போன நீ? நாப்பது உள்ள போயாச்சு" என்று தவமணி எழுந்தே நின்றார். "இப்படி வேர்த்திருக்க, வயித்துக்கு எதுவும் சரியில்லையா?" "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே சீட்டை அவர் பையிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள். ஷோபனா என்ற அந்தப் பெண் வழக்கமாக அவளுக்கு நரம்பு தேடுவதற்குள் இரண்டு இடத்திலாவது குத்திவிடுவாள். மருந்து ஏறி ஏறி வலது கை நரம்பெல்லாம் உள்ளே போய்ப் பதுங்கிவிட்டது. இன்று ரப்பர் பட்டையைக் கட்டியதும் முழங்கை மடிப்பில் நரம்பு புடைத்து எழுந்தது. "அட, இன்னைக்கு என்னக்கா, கயிறு மாதிரி நிக்குது. ஒரே குத்துதான்" என்றாள் ஷோபனா சந்தோஷமாக. பஞ்சின் குளிர்ச்சி தோலில் பட்டது. இன்று மாலை அஃப்ரீன் அந்தத் தாளைப் பார்ப்பாள். கையெழுத்துப் போடுவாள். பத்து நாள் கழித்து, தனியறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, அதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஆயிரத்து அறுநூறு இருந்துச்சே, நான் பாத்தேனே என்பாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முக்காடு போட்ட அந்தச் சின்ன முகம், முப்பது வயது, இன்னும் எத்தனை வருஷம் தாள் பார்க்க வேண்டியவள். அன்றைக்கும் பட்டது ரெஜினாவின் உடம்புதான். ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டது யார்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் ஜெயக்கொடி.

"பயமா? நீங்களா?"

"மாடிப்படி ஏறிட்டு வந்தேன். நாலு மாடி. மூணு தடவ."

ஷோபனா ஊசியை மேசையில் வைத்தாள். "டாக்டரம்மா உங்ககிட்ட சொல்லியிருக்காங்கல்ல?"

"சொல்லியிருக்காங்க. தெரிஞ்சுதான் ஏறினேன்."

"நல்ல ஆளுக்கா நீங்க" என்று பட்டையை அவிழ்த்தாள். "போய் உக்காருங்க. அரை மணி நேரம், கைய கால ஆட்டாம. அதுக்கப்புறம் நீங்களே வாங்க, சீட்டெல்லாம் வேண்டாம்."

வெளியே வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து தவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாடிப்படி, தொள்ளாயிரம், இருபத்தெட்டாம் தேதி. அவர் செய்தித்தாளை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். "அதான் பாத்ரூமா" என்றார். அப்புறம், "மூணு தடவையா? நாலு மாடியையும்?" என்றார். "ஆமா." "என்னால ஒரு தடவ முடியாது" என்றார், பெருமையை மறைக்கத் தெரியாமல். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்து, மூடியைத் திறந்து, அவள் கையில் திணித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாற்பத்திரண்டு எரிந்தது. கம்பு ஊன்றிய ஒருவர் அவளைக் கடந்து உள்ளே போனார். நாற்பத்துமூன்று, தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண். பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே நீண்டு பழகிய கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து மடக்கி வைத்துக்கொண்டாள். நாற்பத்துநான்கு. நாற்பத்தைந்து. கழுத்தில் நூற்று எட்டு, நூறு, தொண்ணூற்றாறு. நாற்பத்தொன்பதில் எண்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. இனி எடுத்தால் இருப்பதுதான் காட்டும். ஆயிரத்து நூறோ, ஆயிரத்து நானூறோ. அது ஆயிரத்தைந்நூறாக இருக்காது என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. அப்படியானால் இருபத்தெட்டாம் தேதி இல்லை. அப்படியானால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதும் இல்லை. கைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். நான்கு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை மூன்று வினாடியில் முடிந்து, மணி அடிக்கத் தொடங்கியது.

"யாரு?" என்றது, அவள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவான குரல்.

"சார், ஜெயக்கொடி. விடுதி. ஆயிரத்தைந்நூறு."

"அடி, கொடியா! எங்க இருக்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஓடிக்கிட்டா பேசுற?"

"இல்ல சார். உக்காந்துதான் இருக்கேன்." நிறுத்தினாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "சார், திருச்சியில அன்னைக்கு ரெஜினாவுக்குக் காய்ச்சல் இருந்துச்சு. காலையிலேயே இருந்துச்சு. நான்தான் ஐஸ் வாங்கிக் குடுத்தேன். வாயில வச்சுக்கிட்டுதான் உங்ககிட்ட வந்தா. தெர்மாமீட்டர்ல அவ வாய்தான் சார் தெரிஞ்சுச்சு, அவ உடம்பு தெரியல."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவினார்கள். ஐம்பது எரிந்து, ஐம்பத்தொன்று எரிந்தது. இணைப்பு போய்விட்டதா என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்போ," என்றார் செபஸ்தியான் சார், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போல, "நான் சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் சார் பாத்தீங்க. தொண்ணூத்தேழரை."

"தொண்ணூத்தேழரை" என்றார் அவர். மறுபடியும் ஒரு தடவை, இன்னும் மெதுவாக, "தொண்ணூத்தேழரை" என்றார்.

கதவைத் திறந்து ஷோபனா தலையை நீட்டி, வரலாமே என்று சைகை காட்டினாள். தவமணி சட்டென்று எழுந்து நின்றார். ஜெயக்கொடி கைபேசியைக் காதில் வைத்தபடியே இரண்டு விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். நூற்று இருபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆகட்டும் என்று ஷோபனாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, அடுத்தவர் போவதற்கு வழிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.